ஆள் இல்லாத வீட்டுக்கு வந்த கடிதம்: ஜாம்பீஸின் ‘ஒடெஸி அண்ட் ஓரக்கிள்’

1968 ஏப்ரலில் ‘ஒடெஸி அண்ட் ஓரக்கிள்’ என்ற ஆல்பம் லண்டன் கடைகளுக்கு வந்து சேர்ந்தபோது, அதைப் பாடிய ‘த ஜாம்பீஸ்’ குழு கலைந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. மேடையேறிப் பாட ஐந்து பேரும் சேர்ந்து இல்லை, பேட்டி கொடுக்க ஆள் இல்லை, வெளியிட்ட சி.பி.எஸ். நிறுவனத்துக்கும் அக்கறை இல்லை. அட்டையிலேயே ஒரு பிழை வேறு. குழுவில் ஒருவரான கிறிஸ் ஒயிட்டுடன் ஒரே வீட்டில் குடியிருந்த ஓவியர் டெர்ரி குவிர்க் பூவும் கொடியுமாக அழகான அட்டைப்படம் வரைந்து கொடுத்தார். அதில் ‘ஒடிஸி’ என்ற சொல்லின் மூன்றாம் எழுத்து ‘ஒய்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘ஈ’ விழுந்துவிட்டது. கவனித்தபோது திருத்தும் கட்டம் தாண்டிவிட்டது. ‘ஓட்’ என்ற பாவகையை நினைவூட்ட வேண்டுமென்றே அப்படி எழுதினோம் என்று குழுவின் ரோட் ஆர்ஜென்ட் சமாதானம் சொல்லிவைக்க, சொந்தக் குழுவினரே பல ஆண்டுகள் அதை நம்பினார்கள்.

இன்று அந்தப் பிழையான பெயர் ராக் இசையின் முக்கியமான ஆல்பங்களின் பட்டியல்களில் அப்படியே அச்சாகிறது. ‘ரோலிங் ஸ்டோன்’ இதழ் 2012-இல் வெளியிட்ட 500 சிறந்த ஆல்பங்களின் பட்டியலில் இதற்கு 100-ஆம் இடம். 2020-இல் பட்டியலைப் புதிதாகத் தொகுத்தபோது 243-ஆம் இடத்துக்கு இறங்கியது. பட்டியலை விட்டுப் போகவில்லை. கேட்பாரற்றுக் கிடந்த ஓர் ஆல்பம் இந்த இடத்துக்கு வந்தது எப்படி? ரசிகர்கள் இதைப் பற்றி இன்றைக்கும் ஒத்துப்போகாமல் இருப்பது எதனால்? எந்தக் கருத்து பாட்டைக் கேட்டுப் பிறந்தது, எந்தக் கருத்து ஆல்பத்தின் சோகக் கதையைக் கேட்டுப் பிறந்தது? இந்தக் கட்டுரை பார்க்க நினைப்பது அதைத்தான்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ‘கவனிக்கப்படாத ஆல்பம்’ என்று ஒரே சொல்லால் பலவற்றைக் குறிக்கிறோம். வீசர் குழுவின் ‘பிங்கர்ட்டன்’ 1996-இல் வந்தபோது ஆயிரக்கணக்கானோர் அதைக் கேட்டார்கள். கேட்டுவிட்டு வேண்டாம் என்றார்கள். ‘ரோலிங் ஸ்டோன்’ வாசகர்கள் அந்த ஆண்டின் மிக மோசமான ஆல்பங்களில் அதற்கு மூன்றாம் இடம் கொடுத்தார்கள். அதே இதழ் 2004-இல் அதற்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்தது. அங்கே மாறியது ரசனை. கின்க்ஸ் குழுவின் ‘வில்லேஜ் கிரீன் பிரிசர்வேஷன் சொசைட்டி’ 1968 நவம்பர் 22 அன்று வெளியானது. பீட்டில்ஸின் வெள்ளை அட்டை ஆல்பம் வந்த அதே நாள். அதைக் கெடுத்தது நேரம். பிக் ஸ்டார் குழுவின் முதல் ஆல்பத்தை 1972-இல் பத்திரிகைகள் புகழ்ந்தன. கடைக்குப் போனால் தட்டு கிடைக்காது. அது விநியோகத்தின் கோளாறு. ஜாம்பீஸின் கதை இந்த மூன்றிலும் சேராது. இவர்களுடைய ஆல்பத்தை யாரும் வெறுக்கவில்லை. அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் பாட ஆள் இல்லை, அவ்வளவுதான். பாப் இசையில் ஆல்பம் தானாக நடந்து போய்விடாது. தூக்கிச் செல்லக் கால்கள் வேண்டும்.

அந்தக் கால்கள் ஏன் நின்றன என்பதற்குப் பணம்தான் முதல் காரணம். செயின்ட் ஆல்பன்ஸ் ஊரில் பள்ளிக்கூட வயதில் ஒன்றுசேர்ந்த ஐவர் இவர்கள்: கீபோர்டில் ஆர்ஜென்ட், பேஸ் கிட்டாரில் ஒயிட், பாட்டுக்குக் காலின் பிளன்ஸ்டோன், கிட்டாருக்குப் பால் அட்கின்சன், டிரம்ஸுக்கு ஹியூ கிரண்டி. 1964-இல் ‘ஷீஸ் நாட் தேர்’ அமெரிக்காவில் பில்போர்டு பட்டியலின் 2-ஆம் இடம்வரை ஏறியது. அடுத்த ஆண்டு ‘டெல் ஹர் நோ’ 6-ஆம் இடம். பிறகு எதுவும் நிற்கவில்லை. ஆர்ஜென்ட்டுக்கும் ஒயிட்டுக்கும் பாடலாசிரியர் உரிமைத் தொகை வந்துகொண்டிருந்தது. மற்ற மூவருக்கும் மேடைக் கூலி மட்டுமே, அதுவும் குறைந்துகொண்டே போனது. 1967-இல் பிலிப்பைன்ஸ் சென்றபோது மணிலாவின் அரனெட்டா கொலிசியத்தில் ஆயிரக்கணக்கானோர் திரண்டு நின்றார்கள். அந்த நாட்டில் தாங்கள் இவ்வளவு பெரிய நட்சத்திரங்கள் என்பது விமானம் தரையிறங்கும்வரை ஐவருக்கும் தெரியாது. அந்தப் புகழ் பணமாக அவர்கள் கைக்கு வரவில்லை.

இந்த நிலையில்தான் ஆல்பம் பதிவு செய்ய சி.பி.எஸ். 1,000 பவுண்டு கொடுத்தது. டெக்கா நிறுவனத்தில் இருந்தவரை தங்கள் பாட்டு தாங்கள் நினைத்தபடி ஒலிக்கவில்லை என்ற குறை ஆர்ஜென்ட்டுக்கும் ஒயிட்டுக்கும் இருந்தது. இந்த முறை தயாரிப்பை அவர்களே ஏற்றார்கள். 1967 ஜூனில் அபே ரோட்டில் உள்ள இ.எம்.ஐ. ஸ்டுடியோவுக்குள் நுழைந்தபோது, பீட்டில்ஸ் அங்கே ‘சார்ஜன்ட் பெப்பர்’ ஆல்பத்தை முடித்துச் சில வாரங்களே ஆகியிருந்தன. பீட்டில்ஸுக்குப் பதிவு செய்த ஜெஃப் எமரிக்கும் பீட்டர் வின்ஸும்தான் இவர்களுக்கும் பொறியாளர்கள். ஜான் லெனன் விட்டுச்சென்றிருந்த மெல்லோட்ரான் என்ற கீபோர்டு கருவியைத் தாங்கள் எடுத்து வாசித்ததாக ஆர்ஜென்ட் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஸ்டுடியோ கிடைக்காத நாட்களில் சில பாடல்களை ஒலிம்பிக் ஸ்டுடியோவில் பதிவு செய்தார்கள். வாடகை மணிக்கணக்கில் ஓடும் என்பதால் பாட்டுகளை வெளியிலேயே தேய்த்துத் தேய்த்து ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனார்கள். ஆல்பத்தில் வீண் சதை இல்லாததற்கு இந்தக் கைநெருக்கடியும் ஒரு காரணம் என்றே எனக்குத் தோன்றுகிறது. 12 பாடல்கள், மொத்தம் ஏறத்தாழ 35 நிமிடம்.

பணம் தீர்ந்த பிறகு ஸ்டீரியோ மிக்ஸும் வேண்டும் என்று நிறுவனம் கேட்டது. ஆர்ஜென்ட்டும் ஒயிட்டும் சொந்தப் பணத்தைப் போட்டு அதைச் செய்து கொடுத்தார்கள். 1967 இலையுதிர்காலத்தில் ‘ஃபிரெண்ட்ஸ் ஆஃப் மைன்’ சிங்கிளாக வந்தது, போகவில்லை. நவம்பரில் ‘கேர் ஆஃப் செல் 44’, அதுவும் போகவில்லை. டிசம்பரில் சண்டை சச்சரவு இல்லாமல் பிரிந்தார்கள். பிளன்ஸ்டோன் ஓர் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார்.

இனி ரசிகர்களின் கருத்துகளுக்கு வருவோம்.

மிகப் பரவலான கருத்து, இது ஒற்றைப் பாட்டு ஆல்பம் என்பது. கடைசிப் பாடலான ‘டைம் ஆஃப் த சீஸன்’ உலகத்துக்கே தெரியும். படங்களிலும் தொடர்களிலும் அறுபதுகளைக் காட்ட வேண்டுமென்றால் அதைத்தான் ஒலிக்கவிடுகிறார்கள். பேஸ் கிட்டாரின் அந்த நான்கைந்து சுரம், நடுவில் ஒரு கைத்தட்டு, அதைத் தொடர்ந்து காதருகே விடுவது போன்ற ஒரு மூச்சு: இரண்டு விநாடி கேட்டாலே அடையாளம் தெரிந்துவிடும். 2013-இல் எமினெம்கூட அதை எடுத்து ஒரு ராப் பாட்டுக்குள் வைத்தார். பாட்டு அருமையானது, அதில் ஐயமில்லை. பதிவின்போது ஆர்ஜென்ட் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று திருத்தம்மேல் திருத்தம் சொல்ல, பிளன்ஸ்டோன் பொறுமை இழந்து, அவ்வளவு தெரிந்தால் நீயே வந்து பாடிக்கொள் என்று சத்தம் போட்டதை இருவருமே பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். அலட்டாமல் அசையும் அந்தக் குரலின் பின்னால் கோபத்தில் நிற்கும் ஓர் இளைஞன் இருந்தான் என்பதை அறிந்து கேட்டால் பாட்டு இன்னும் பிடிக்கிறது.

ஆனால் அந்தப் பாட்டு வழியாக உள்ளே வருகிறவர்கள் பெரும்பாலும் ஏமாந்து போகிறார்கள். நானும் அந்த வாசல் வழியாக வந்தவன்தான். ஆர்கன் கீபோர்டில் விரல்கள் ஓடும் இன்னும் பதினொரு பாட்டை எதிர்பார்த்தேன். கிடைத்தது பியானோ, அடுக்கடுக்கான குரல்கள், மெல்லோட்ரானின் புல்லாங்குழல் சாயல். ‘ஒரு பாட்டுதான் தேறும்’ என்று சொல்கிறவர்கள் ஆல்பத்தை மதிப்பிடவில்லை. தாங்கள் தேடி வந்தது கிடைக்கவில்லை என்கிறார்கள். அந்த ஏமாற்றம் உண்மையானது. அதைத் தீர்ப்பாகக் கொள்ளக் கூடாது.

அடுத்தது, இனிப்பு அதிகம் என்ற புகார். இதில் நியாயம் இருக்கிறது. ராக் என்று சொன்னால் கிட்டார் உறும வேண்டும் என்று நினைப்பவருக்கு இங்கே அட்கின்சனின் கிட்டார் பல பாட்டில் காதில் விழுவதே அரிது. பிளன்ஸ்டோனின் குரல் மூச்சும் பட்டும் கலந்தது. மேலோட்டமாகக் கேட்டால் எல்லாம் வெயிலும் பூவுமாகத் தெரியும்.

முதல் பாட்டை மட்டும் கொஞ்சம் கிட்டப் போய்க் கேட்போம். ‘கேர் ஆஃப் செல் 44’ துள்ளும் பியானோவோடு தொடங்குகிறது. காதலிக்கு ஒருவன் கடிதம் எழுதுகிறான், நீ வரும் நாளை எண்ணிக்கொண்டிருக்கிறேன் என்ற மகிழ்ச்சியில். பாட்டு நகர நகரத்தான் தலைப்பின் பொருள் உறைக்கிறது: 44 என்பது சிறை அறையின் எண். அவள் விடுதலையாகி வரப்போகிறாள். என்ன குற்றம் என்று பாட்டு சொல்வதில்லை. அவனும் கேட்பதில்லை. நடுவே வாத்தியங்கள் ஒதுங்கிக் குரல்கள் மட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும் இடத்தில், அந்த மகிழ்ச்சி எவ்வளவு காத்திருப்பின் மேல் கட்டப்பட்டது என்பது புரிகிறது. இனிப்பு என்று சொல்கிறவர்களிடம் இந்தப் பாட்டைத்தான் நான் காட்டுவேன்.

அடுத்த பாட்டு ‘எ ரோஸ் ஃபார் எமிலி’. தலைப்பு வில்லியம் ஃபாக்னரின் 1930-ஆம் ஆண்டுச் சிறுகதையிலிருந்து வந்தது. கதையின் கோரம் இதில் இல்லை. ஒரு பியானோ, குரல்கள், வேறொன்றும் கிடையாது. மற்றவர்கள் தங்கள் காதலுக்குப் பறித்துப்போகும் ரோஜாக்களை வளர்க்கும் பெண் எமிலி; அவளுக்கென்று ஒரு பூவைக் கொடுக்க ஆளில்லாமலே முதுமை அடைந்து போகிறாள். இந்தப் பாட்டுக்குச் செல்லோவும் மெல்லோட்ரானும் சேர்த்த ஒரு வடிவமும் இருக்கிறது. அதைக் கேட்டவர்களுக்கு எல்லாவற்றையும் உருவி எறிந்து வெறும் பியானோவை வைத்துக்கொண்ட முடிவு எவ்வளவு சரியானது என்று விளங்கும். இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இளைஞர்கள் எடுத்த முடிவு அது.

பீட்டில்ஸையும் பீச் பாய்ஸையும் பார்த்து எழுதியது என்பது மூன்றாவது வாதம். அதே ஸ்டுடியோ, அதே பொறியாளர்கள், அதே கருவி என்று மேலே நானே எழுதியிருக்கிறேன். பீச் பாய்ஸின் ‘பெட் சவுண்ட்ஸ்’ தங்களை எவ்வளவு பாதித்தது என்பதையும் குழுவினர் மறைத்ததில்லை. கடன் உண்டு. ஆனால் ஆர்ஜென்ட்டின் கை ஜாஸில் பழகிய கை. சுரங்கள் அவர் பாட்டில் எதிர்பாராத இடத்தில் திரும்பும், திரும்பியது தெரியாமல் வீட்டுக்கு வந்து சேரும். பீட்டில்ஸ் அந்த ஆண்டு சர்க்கஸையும் ஊர்வலத்தையும் ஸ்டுடியோவுக்குள் கொண்டுவந்தார்கள். ஜாம்பீஸ் கொண்டுவந்தது ஓர் அறையில் தனியாக இருக்கும் மனிதரை. எமிலி, சிறையிலிருக்கும் பெண், ‘மேபி ஆஃப்டர் ஹீஸ் கான்’ பாட்டில் அவள் திரும்பி வருவாளோ என்று காத்திருப்பவன் என்று ஆல்பம் முழுக்கத் தனியாக உட்கார்ந்திருப்பவர்கள்தான். அந்தத் தனிமையைக் கூட்டுக்குரலில் பாடியதுதான் இவர்களுடைய தனித்தன்மை என்பேன்.

ரசிகர்கள் அதிகம் மோதிக்கொள்ளும் இடம் ‘புச்சர்ஸ் டேல்’. இரண்டாம் பக்கத்தின் நான்காம் பாட்டு. முதலாம் உலகப் போரின் பதுங்குகுழியில் சிக்கிய ஒரு கசாப்புக் கடைக்காரர் பேசுவதாக அமைந்தது. எழுதியவர் ஒயிட், பாடுவதும் அவரே. மெருகில்லாத, நடுங்கும் குரல். பக்கத்தில் மூச்சிரைக்கும் பழைய துருத்தி ஆர்கன். பெயரில் ‘மேற்குப் போர்முனை 1914’ என்று இருக்கிறது. பாட்டில் வரும் ஊர்களோ கோம்கோர், தியெப்வால், மாமெட்ஸ் காடு, வெர்டன். எல்லாமே 1916-இல் மனிதர்கள் மாண்ட இடங்கள். அட்டையில் எழுத்துப் பிழை இருப்பது போலத் தலைப்பில் ஆண்டுப் பிழை.

இந்தப் பாட்டு ஆல்பத்தோடு ஒட்டவில்லை, தாண்டிவிட்டுக் கேளுங்கள் என்று அறிவுரை சொல்லும் ரசிகர்கள் ஏராளம். நேர்மாறாக, ஆல்பத்தின் மனசாட்சியே இதுதான் என்பவர்களும் உண்டு. அமெரிக்காவில் ஆல்பத்தை வெளியிட்ட டேட் நிறுவனம் இதைத்தான் முதல் சிங்கிளாக 1968-இல் விட்டது. வியட்நாம் போர் உச்சத்தில் இருந்த ஆண்டு. போருக்கு எதிரான பாட்டாக எடுபடும் என்று கணக்குப் போட்டார்கள். எடுபடவில்லை. என் கருத்து இரண்டாம் தரப்போடுதான். இதற்கு முன்னால் இருக்கும் ‘திஸ் வில் பி அவர் இயர்’ இரண்டு நிமிடத்துக்குச் சற்றே கூடிய அளவில், துன்பம் தீர்ந்தது, இனி நம் காலம் என்று மனம் நிறைந்து பாடுகிறது. உடனே பதுங்குகுழி வருகிறது. அந்த நம்பிக்கையோடு 1914-இல் வீட்டை விட்டுப் புறப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று நினைக்காமல் இருக்க முடிவதில்லை. குழு இதைத் திட்டமிட்டு அடுக்கியதோ இல்லையோ, வரிசை இப்படித்தான் பேசுகிறது. பலவீனமான இடம் என்று நான் சொல்வது இதற்கு அடுத்து வரும் ‘ஃபிரெண்ட்ஸ் ஆஃப் மைன்’. நண்பர்களில் காதல் ஜோடிகளின் பெயர்களை அடுக்கி வாழ்த்தும் பாட்டு. அந்த ஜோடிகளில் பலர் பிற்பாடு பிரிந்துவிட்டதைக் குழுவினரே சொல்லியிருக்கிறார்கள். நல்ல மனசு இருக்கிறது, பாட்டு இல்லை.

மோனோவா ஸ்டீரியோவா என்ற தகராறு வெளியே இருப்பவர்களுக்கு அற்பமாகப் படலாம். இந்த ஆல்பத்தில் அதற்குத் திட்டமான காரணம் இருக்கிறது. ‘திஸ் வில் பி அவர் இயர்’ பாட்டின் டிரம்பெட்கள் முடிந்துபோன மோனோ மிக்ஸின் மேலேயே சேர்க்கப்பட்டவை. ஆகவே அவற்றோடு முறையான ஸ்டீரியோ வடிவம் செய்ய வழியில்லாமல், பழைய ஸ்டீரியோ தட்டுகளில் மோனோவையே இரண்டாகப் பிளந்து போலி ஸ்டீரியோவாக வைத்தார்கள். அந்த இடத்தில் ஒலி திடீரென்று மங்கும். குரல்களின் பிரிவைத் தெளிவாகக் கேட்க ஸ்டீரியோ நல்லது. பாட்டு ஒரே கட்டாக நெஞ்சில் மோத மோனோதான் நல்லது.

ஆல்பம் பிழைத்த கதையில் ஒருவருக்கு நன்றி சொல்லியாக வேண்டும். அல் கூப்பர், பாப் டிலனோடு வாசித்தவர், அப்போது கொலம்பியா நிறுவனத்தில் வேலை பார்த்தார். லண்டனிலிருந்து அள்ளிக்கொண்டு வந்த தட்டுகளில் இது ஒன்று மட்டும் தனித்து நிற்பதைக் கேட்டு, இதை விட்டுவிடாதீர்கள் என்று தலைவர் கிளைவ் டேவிஸிடம் மன்றாடினார். அவர் பேச்சுக்காகத்தான் அமெரிக்காவில் வெளியீடே நடந்தது. 1969 மார்ச்சில் ‘டைம் ஆஃப் த சீஸன்’ பில்போர்டில் 3-ஆம் இடத்துக்கு வந்தது. ஆல்பம் 95-ஆம் இடத்தைத் தாண்டவில்லை. பாட்டை வாங்கியவர்கள் ஆல்பத்தை வாங்கவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

பாட்டு ஓடியதும், பெரிய தொகை தருவதாகச் சொல்லிக் குழுவை மறுபடி சேரச் சொன்னார்கள். ஐவரும் சம்மதிக்கவில்லை, ஆர்ஜென்ட்டும் ஒயிட்டும் அடுத்த குழுவின் வேலையில் இறங்கியிருந்தார்கள். அந்த வெற்றிடத்தில் போலி ஜாம்பீஸ் முளைத்தார்கள். அமெரிக்க ஊர்களில் அவர்கள் பெயரைச் சொல்லி மேடையேறிய ஒரு கூட்டத்தில் இருந்த இருவர், பின்னாளில் ‘ஸிஸி டாப்’ குழுவால் புகழ்பெற்ற டஸ்டி ஹில்லும் ஃபிராங்க் பியர்டும். உண்மையான பாடகர் லண்டனில் அலுவலக மேசையில் உட்கார்ந்திருக்க, அவர் பாட்டுக்கு வேறு யாரோ கைத்தட்டு வாங்கிய காலம் அது.

பிறகு ஆல்பத்தைக் காப்பாற்றியது விளம்பரம் இல்லை, கை மாற்றிக் கை மாற்றிக் கொடுத்த ரசிகர்கள். அவர்களில் இசைக் கலைஞர்கள் நிறையப் பேர். பால் வெல்லர் தன் வாழ்நாள் விருப்ப ஆல்பங்களில் ஒன்றாக இதைச் சொல்லிவந்தார். எலியட் ஸ்மித் ‘கேர் ஆஃப் செல் 44’ பாட்டை மேடையில் பாடினார். 1997-இல் ‘ஜாம்பி ஹெவன்’ என்ற நான்கு சிடித் தொகுப்பு அவர்களுடைய முழு வேலையையும் ஒன்றாக முன்வைத்தது. 2004-இல் அட்கின்சன் இறந்தார். 2008 மார்ச்சில், ஆல்பம் வெளியாகி 40 ஆண்டு நிறைவில், எஞ்சிய நால்வரும் லண்டன் ஷெப்பர்ட்ஸ் புஷ் எம்பயர் அரங்கில் முதன்முறையாக முழு ஆல்பத்தையும் மேடையில் வாசித்தார்கள். ஸ்டுடியோவில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிவு செய்தவற்றை ஒரே நேரத்தில் வாசிக்கக் கூடுதல் கைகள் வேண்டியிருந்தன. பீச் பாய்ஸ் புகழ் பிரையன் வில்சனின் குழுவில் இருந்த டேரியன் சஹானஜா துணைக்கு வந்தார். 2019-இல் ஜாம்பீஸை ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள்.

இப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து ஓர் ஆபத்து வந்திருக்கிறது. ‘கவனிக்கப்படாத பொக்கிஷம்’ என்ற பட்டம் ஆல்பத்தைவிடப் பெரிதாகிவிட்டது. எழுத்துப் பிழை, லெனனின் மெல்லோட்ரான், போலிக் குழு என்று கதைகள் அவ்வளவு சுவையானவை. அந்தக் கதையில் மயங்கி இதைப் பீட்டில்ஸுக்கு மேலே தூக்கி வைக்கிறவர்களும், அதைக் கண்டு எரிச்சலாகி வெறும் பழைய நினைவு என்று தள்ளுகிறவர்களும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள்: இருவருமே ஆல்பத்தின் விதியை மதிப்பிடுகிறார்கள். விதியை எடுத்துவிட்டுப் பாட்டை மட்டும் வைத்துச் சொன்னால், 12-இல் ஏழெட்டுப் பாட்டு அந்தக் காலத்தின் எந்த ஆல்பத்திலும் தலைநிமிர்ந்து நிற்கும், மூன்று நன்று, ஒன்றிரண்டு இல்லாமலும் இருந்திருக்கலாம். 1968-இல் கேட்டிருந்தாலும் இதே மதிப்பீடுதான் வந்திருக்கும் என்று நம்புகிறேன்.

இதுவரை கேட்டிராதவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடைசிப் பாட்டை முதலில் தேடிப் போகாதீர்கள். மோனோ கிடைத்தால் மோனோவையே எடுத்துக்கொள்ளுங்கள். 44-ஆம் அறைக்கு எழுதிய கடிதத்தில் தொடங்கி, கசாப்புக் கடைக்காரரைத் தாண்டாமல், வரிசை மாற்றாமல் ஒருமுறை கேளுங்கள். ‘டைம் ஆஃப் த சீஸன்’ அதன் இடத்தில், பன்னிரண்டாவதாக வரும்.